மேல் லயத்துக் கழிவு நீரும் கீழ் லயத்துப் பீலியும்

மலையகத்தில் தண்ணீர்ப் பிரச்சினை பேசப்படாத கூட்டம் கிடையாது. தேர்தல் வந்தால் அது மேடை ஏறும். தொழிற்சங்கக் கூட்டத்திலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் முதல் கோரிக்கையாக வருவது அதுதான். ஆனால் குளித்து, துவைத்து, கழுவி முடித்த பின் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. வாசலைத் தாண்டிக் கானுக்குள் விழுந்துவிட்டால் அது நமக்குச் சொந்தமில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

சமூகவியலில் பட்டம் பெற்று, கடந்த பதினொரு வருடங்களாக ஹட்டன், நோர்வூட் பகுதித் தோட்டங்களில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சுத்தமான குடிநீர் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். கழிவு நீர் பற்றி ஒரு முழுநாள் பேசிய கருத்தரங்கு ஒன்றிரண்டுக்குத்தான் போயிருக்கிறேன். இத்தனைக்கும் மலையில் இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் அல்ல. மேலே இருப்பவரின் கழிவு நீர்தான் கீழே இருப்பவரின் குடிநீரில் கலக்கிறது.

சமவெளியில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும் என்று பொதுவான ஒரு விதி சொல்வார்கள். எமது லயங்கள் படிக்கட்டு போல ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இங்கே தூரத்தை மட்டும் அளந்தால் போதாது. எது மேலே, எது கீழே என்பதையும் பார்க்க வேண்டும். முப்பதல்ல, அறுபது மீற்றர் தள்ளி இருந்தாலும், குழி மேலேயும் பீலி கீழேயும் இருந்தால் மழைக்காலத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் நியாயம்

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதான்.

மேக்கணக்கில் உள்ள ஒரு லயத்துக்குப் புதிய மலசலகூடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல கதவு, நல்ல கூரை. குழியை மட்டும் கல்லுப் பாறை வந்த இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஜூன் மாதம் தென்மேல் பருவமழை பிடித்ததும் குழி நிரம்பி, கறுப்புத் தண்ணீர் தேயிலைக் கான் வழியாக இறங்கியது. அந்தக் கான் போய்ச் சேரும் ஓடையில்தான் கீழ் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். மூன்று வாரத்தில் கீழ் லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போக முடியவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

பிள்ளைக் காம்பராவில் கூட்டம் கூடினோம். கீழ் லயத்துப் பெண்கள் கோபத்தோடு வந்திருந்தார்கள். அப்போது மேல் லயத்து வயதான அக்கா ஒருவர் எழுந்தார்.

"முப்பது வருசமா தேயில மலைக்குள்ளதான் ஒதுங்குனோம் மிஸ். பொட்டப் புள்ளைங்கள இருட்டுல தனியா அனுப்ப ஏலாம நானும் கூடவே போவேன். இப்பதான் கதவு வச்ச கக்கூசு கெடச்சிருக்கு. அத பாவிக்க வேணாங்கிறீங்களா?"

கீழ் லயத்துத் தாய் ஒருவர் பதில் சொன்னார்.

"பாவிக்க வேணாம்னு நாங்க சொல்லல அக்கா. ஒங்க குழித் தண்ணி எங்க பீலிக்கு வருதே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலசலகூடம் கட்டினால் சுகாதாரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள், குழிக்குள் போனது அதன் பிறகு என்ன ஆகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு லயத்துப் பெண்களையும் ஒருவரோடொருவர் மோதவிட்டது அந்தக் கணக்குதான்.

அந்த அக்காவின் கேள்விக்கும் இந்தத் தாயின் கேள்விக்கும் ஒரே பதிலாக என்ன சொல்லலாம் என்று தேடியபோதுதான் கழிவு நீர் சுத்திகரிப்பு ஆராய்ச்சிகளைப் படிக்கத் தொடங்கினேன். நான் பொறியியல் படித்தவள் அல்ல. எனக்கு விளங்கியதை எமது சகோதரிகளுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

கல்லும் கோரையும் செய்யும் வேலை

வீட்டுக் கழிவு நீரில் பெரும் பங்கு வெறும் தண்ணீர்தான். அதில் கரைந்தும் மிதந்தும் இருக்கும் மலம், சோறு, எண்ணெய், சவர்க்காரம் ஆகியவைதான் தொல்லை. இவற்றைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படுகிறது என்பதை வைத்து அழுக்கின் அளவைச் சொல்வார்கள். வீட்டுக் கழிவு நீரில் அது பெரும்பாலும் லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆற்றிலோ ஓடையிலோ விடுவதற்கு முன் அதை 30 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டும் என்பது 2008 இல் வெளிவந்த எமது நாட்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதி.

எப்படிக் குறைப்பது? 1914 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டேன், லொக்கெற் என்ற இருவர் கழிவு நீருக்குள் தொடர்ந்து காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருகவிடும் முறையை அறிவித்தார்கள. உலகத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் இன்றும் அந்த வழிதான். அதற்கு இயந்திரம் வேண்டும், இரவு பகலாக மின்சாரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். லயத்துக்கு அது ஒத்துவராது.

இன்னொரு வழியைக் காட்டியவர் ஒரு பெண். ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானி கேத்தே சைடல். 1950 களின் தொடக்கத்தில், அழுக்கான நீரில் கோரையை வளர்த்தால் நீர் தெளிகிறது என்பதைப் பரிசோதனைகளில் காட்டினார். புல்லும் கோரையும் சாக்கடையைச் சுத்தம் செய்யுமா என்று அக்காலத்துப் பொறியியலாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். அவர் விடாமல் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று ‘அமைக்கப்பட்ட ஈரநிலம்’ என்ற பெயரில் உலகெங்கும் பாவனையில் இருக்கும் முறைக்கு அவருடைய வேலைதான் அடித்தளம்.

முறை சிக்கலானதல்ல. முதலில் ஒரு மூடிய தொட்டியில் கனமான அழுக்கு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீர், கல்லும் சல்லியும் நிரப்பிய ஒரு நீண்ட பாத்திக்குள் மெதுவாக ஓடும். பாத்தியின் மேல் கோரை, சம்பு, கல்வாழை போன்ற செடிகள் நிற்கும். நீர் மேலே தெரியாமல் சல்லிக்குள்ளேயே ஓடுவதால் கொசு பெருகாது, நாற்றமும் குறைவு. செடிதான் அழுக்கைக் குடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும் பகுதி வேலையைச் செய்வது சல்லிக் கற்களில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள். செடியின் வேர்கள் அவற்றுக்கு இடமும் கொஞ்சம் காற்றும் கொடுத்து, பாத்தி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. இப்படி வெளிவரும் நீர் ஓடையில் விடுவதற்கோ வாழைக்குப் பாய்ச்சுவதற்கோ ஏற்றது. கிருமி குறையுமே தவிர முற்றாக அழியாது. குடிக்க முடியாது.

பேராதனையில் நடந்தவை

இந்த ஆராய்ச்சி எமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தனாகாவுடன் சேர்ந்து, எமது நாட்டு வயலோரங்களில் தானாக வளரும் ஒரு பெருங்கோரையை வைத்து வீட்டுக் கழிவு நீரைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2006 இல் வெளிவந்தன. குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த முறை எமது வெப்ப நாட்டுச் செடிகளோடும் வேலை செய்யும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. 2012 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், சம்பையும் கல்வாழையையும் தெப்பம் போன்ற மிதவைகளில் நட்டு, வேர்களை நீரில் தொங்கவிட்டுப் பரிசோதித்திருக்கிறார்கள்.

தேயிலையோடு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வும் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியை மெத்திகா விதானகே, ஆய்வாளர் அனுஷ்கா ராஜபக்ஷ போன்றவர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தேயிலைக் கழிவைக் காற்றுக் குறைவான சூழலில் சுட்டு ஒரு வகைக் கரியாக்கினார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் ஒரு நுண்ணுயிர்க் கொல்லி மருந்து நீரில் கலந்திருந்தால், அதை இந்தக் கரி பிடித்துக்கொள்கிறது என்று 2014 இல் எழுதினார்கள். 700 பாகை வெப்பத்தில் சுட்டு நீராவி பாய்ச்சிய கரிதான் நன்றாக வேலை செய்திருக்கிறது. கார்போபியூரன் என்ற பூச்சிகொல்லியை நீரிலிருந்து எடுக்கத் தேயிலைக் கழிவுக் கரியும் உமிக் கரியும் உதவும் என்று 2016 இல் இன்னோர் ஆய்வு வந்தது. இவை ஆய்வுகூடத்தில் நடந்தவை. அடுப்புக் கரியைத் தூளாக்கிக் கானில் போட்டால் அந்தப் பலன் வராது. ஆனாலும் எமது பெண்கள் பறித்த கொழுந்தின் கழிவு, எமது ஓடையைச் சுத்தம் செய்யும் பொருளாகலாம் என்பதை ஆய்வுகூடத்தில் காட்டியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி.

மலைக்கு மலையின் கணக்கு

ஆய்வில் வெற்றி பெற்ற முறையை அப்படியே தூக்கி வந்து லயத்தில் வைத்தால் சரிவராது. இதற்கு நான்கு காரணங்களைத் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, மழை. வட்டவளை, நோர்ட்டன் பக்கம் பெய்யும் மழை நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கூரைத் தண்ணீரும் மலைத் தண்ணீரும் கழிவு நீர்க் கானுக்குள் புகுந்தால், பாத்தியில் தங்கிச் சுத்தமாக வேண்டிய நீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மழைக் கானையும் கழிவுக் கானையும் பிரிப்பதுதான் முதல் வேலை. இதற்கு விஞ்ஞானம் தேவையில்லை, மண்வெட்டி போதும்.

இரண்டாவது, குளிர். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகைதான். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்யும். பேராதனையில் போதுமான பாத்தி நுவரெலியாவில் போதாமல் போகலாம்.

மூன்றாவது, இடம். ஓர் ஆளுக்கு ஒன்று இரண்டு சதுர மீற்றர் பாத்தி தேவைப்படலாம். லயத்தைச் சுற்றி உள்ள நிலமோ தோட்டத்துக்குச் சொந்தம். தனி வீடு கிடைத்தவர்களுக்கும் 7 பேர்ச்சஸ் காணிக்குள் வீடு, குழி, மரக்கறிப் பாத்தி எல்லாம் அடங்க வேண்டும்.

நான்காவது, அள்ளுவது. எந்தத் தொட்டியிலும் சில வருடத்தில் சேறு நிரம்பும். பவுசர் ஏற முடியாத பாதையில் இருக்கும் குழியை யார் அள்ளுவது? வழக்கமாக இந்த வேலை, ‘வாசற்கூட்டி’ என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்களின் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஒரு மனிதனை வெறுங்கையோடு குழிக்குள் இறக்கும் எந்த ஏற்பாட்டையும் சுத்திகரிப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பாது. இந்தியாவில் பிந்தேஸ்வர் பாதக் 1970 இல் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழி முறை இந்த இடத்தில் உதவும். ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பாவிக்க வேண்டும். மூடியது இரண்டு வருடம் போல ஆறினால் மண் போலாகிவிடும். ஆனால் நிலத்தடி நீர் உயர்ந்து வரும் சரிவில் இதையும் இடம் பார்த்துத்தான் தோண்ட வேண்டும்.

யாருடைய பொறுப்பு?

எமது கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை தோட்ட நிர்வாகத்தைக் காட்டும். இதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருந்தது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியில் சேவை செய்வதற்குத் தடையாக இருந்து வந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது தோட்ட மக்களுக்கு வேலை செய்யச் சபைகளுக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் இந்தத் திருத்தம் பற்றிக் கேள்விப்படாத பெண்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். கேட்காதவருக்குச் சட்டம் வீடு தேடி வராது.

உலக வங்கி உதவியுடன் 2015 இல் அங்கீகரிக்கப்பட்ட நீர் வழங்கல், சுகாதார மேம்பாட்டுத் திட்டம் நுவரெலியா, பதுளை உட்பட ஏழு மாவட்டங்களைச் சேர்த்துக்கொண்டது. தோட்டங்களும் அதில் அடங்கின. இப்படிப் பல திட்டங்கள் வந்து போயிருக்கின்றன. திறப்பு விழாவுக்குப் பின் பராமரிப்பது யார் என்று எழுதி வைக்காத இடங்களில், இரண்டு மழைக்குப் பின் தொட்டி மட்டும் மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

இது லயத்துக்காரரின் பிரச்சினை மட்டுமே என்று நினைப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயாப் பக்கத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மஸ்கெலியா நீர் மவுசாக்கலைக்குப் போகிறது. இரண்டும் கடைசியில் களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீரை அம்பத்தலையில் அந்தக் கங்கையில்தான் எடுக்கிறார்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்கிறது. 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. உரமும் கழிவும் நீரில் சேரும்போது வளர்வது அந்தப் பாசி. 2007 இல் கம்பளையில் செங்கமாரி பரவியபோதும் எல்லோருடைய பார்வையும் தண்ணீரின் பக்கம்தான் திரும்பியது. மலையின் கான் நாட்டின் குடத்தில் போய் முடிகிறது.

நாங்கள் செய்தது

கூட்டத்துக்குப் பின் இரண்டு லயத்துப் பெண்களும் சேர்ந்து மலையை ஏறி இறங்கினார்கள். எந்தக் கான் எங்கே விழுகிறது, எந்தக் குழி எங்கே கசிகிறது என்று பெரிய தாளில் வரைந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குத்தான் நிலத்தில் நீர் ஊறும் இடங்கள் எல்லாம் தெரிந்திருந்தன. அந்தப் படத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் ஒரே நாளில் கொடுத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்தில் மழைக் கான் பிரிக்கப்பட்டது. பீலிக்கு நீர் எடுக்கும் இடம் குழிகளுக்கு மேலே, வேறோர் ஓடைக்கு மாற்றப்பட்டது. நான்கு குடும்பங்கள் துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே, ஐந்து மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் கொண்ட சல்லிப் பாத்தி ஒன்றைச் சோதனையாக அமைத்தோம். பொறியியல் தெரிந்த ஒருவரின் ஆலோசனையோடுதான் செய்தோம். லயத்துக் கானோரம் தானாக வளர்ந்திருந்த கல்வாழையையே நட்டோம். நாற்றம் குறைந்தது, கொசுவும் குறைந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை மட்டும் வைத்து நீர் சுத்தம் என்று சொல்லக்கூடாது என்பதால், நீர் மாதிரியைப் பரிசோதிக்கக் கேட்டிருக்கிறோம்.

ஒரு வருடத்தில் பாத்தி அடைத்துக்கொண்டது. சோற்றுப் பருக்கையும் சாம்பலும்தான் காரணம். துப்புரவு செய்ய வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். மலையில் எட்டு மணி நேரம் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்து, இதையுமா அவர்களே செய்வது? இதை வெளிப்படையாகப் பேசினோம். இப்போது முறை வைத்திருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு குடும்பம், அதில் ஓர் ஆண் கட்டாயம். முணுமுணுப்பு இருக்கிறது, ஆனாலும் வேலை நடக்கிறது.

மலசலகூடக் குழிகளின் கதை இன்னும் முடியவில்லை. நான்கு குழிகளில் இரண்டுக்கு ஒழுங்கான தொட்டி கட்டியாகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

சகோதரிகள் கேட்க வேண்டியவை

உங்கள் தோட்டத்தில் மலசலகூடமோ வீடோ கட்ட யாராவது வந்தால், கல் நாட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். குழி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்? அதற்குக் கீழே பீலி இருக்கிறதா? மழைத் தண்ணீருக்குத் தனிக் கான் உண்டா? குழியை யார், எதை வைத்து, எப்போது அள்ளுவார்கள்? பராமரிப்புச் செலவு யாருடையது, அது எழுத்தில் இருக்கிறதா? பதில் இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியை மாதர் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான நீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் கல்லையும் கோரையையும் தேயிலைக் கழிவையும் வைத்து வழி காட்டுகிறார்கள். ஆனால் மேல் லயத்துக் குழி எந்த மாதம் பொங்கும், கீழ் லயத்துப் பீலி எந்த நாளில் கலங்கும் என்ற விபரம் தண்ணீர் சுமக்கும் பெண்களிடம்தான் இருக்கிறது. அவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் வரையும் திட்டம், எவ்வளவு புதிய முறையாக இருந்தாலும், முதல் மழையோடு கீழே வந்துவிடும்.